ப்ளூயி பார்க்கும் மகள் தம்பியை அதட்டுகிறாள்: தொடரை நிறுத்திவிடலாமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். என் மகளுக்கு ஐந்தரை வயது. மகனுக்கு மூன்று வயது முடிந்திருக்கிறது. கார்ட்டூன் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். அடிதடி, கூச்சல் உள்ள எதையும் வீட்டில் போடுவதில்லை. எல்லோரும் நல்ல தொடர் என்று சொன்னதால் சில மாதங்களாக 'ப்ளூயி' மட்டும், அதுவும் ஆங்கிலத்தில், பார்க்கிறார்கள். தினமும் ஒன்றரை மணி நேரமாவது ஓடும். அந்த நேரத்தில்தான் நான் சமையலறை வேலையை முடிப்பேன்.

பார்க்கும்போது இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். டிவியை அணைத்ததும் தொடங்குகிறது. 'நான் ப்ளூயி, நீ பிங்கோ, நான் சொல்றதைத்தான் நீ செய்யணும்' என்று மகள் தம்பியை ஆட்டிவைக்கிறாள். அவன் வேறு மாதிரி செய்தால் தள்ளிவிடுகிறாள். போன வாரம் அவனை அறைக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, 'நீ என் தம்பியே இல்ல, போ' என்றாள். அவன் கதவடியிலேயே உட்கார்ந்து அழுதான்.

மாமியார் டிவியைத் தூக்கிப் பரணில் போடச் சொல்கிறார். கணவர் வேலை முடிந்து வந்ததும், ப்ளூயியின் அப்பா மாதிரி விளையாடச் சொல்லி மகள் அடம்பிடிக்கிறாள். 'அந்த அப்பாவுக்கு வேலை வெட்டியே கிடையாதா?' என்று அவர் என்னிடம் எரிந்து விழுகிறார். நல்லது என்று நம்பித்தானே போட்டேன் டாக்டர்? நிறுத்திவிடவா? இல்லை, பெப்பா பிக் மாதிரி வேறு எதற்காவது மாற்றட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் அதைப் பார்க்கும் விதம் மாற வேண்டும். நல்லதைக் காட்டியும் குழந்தை கெட்டதைக் கற்றுக்கொண்டதே என்று வருத்தப்படுகிறீர்கள். நடந்ததை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். உங்கள் மகள் ஒவ்வொரு கதையிலும் முதல் ஐந்து நிமிடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கடைசி இரண்டு நிமிடம்தான் அவளுக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை. இந்த வயதில் அது தானாகப் போய்ச் சேரவும் சேராது. சேர்த்துவைப்பதற்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். நான் சொல்லப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காகத் தொடரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் லூடோ ஸ்டுடியோ தயாரிக்கும் தொடர் இது. உருவாக்கியவர் ஜோ பிரம். 2018 அக்டோபர் 1இல் ஆஸ்திரேலியப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியில் தொடங்கியது. ப்ளூயி, பிங்கோ என்று இரண்டு நாய்க்குட்டிகள், அக்காவும் தங்கையும். தொடர் தொடங்கும்போது அக்காவுக்கு ஆறு வயது, தங்கைக்கு நான்கு. அப்பா பேண்டிட், அம்மா சில்லி. ஒவ்வொரு அத்தியாயமும் ஏறக்குறைய 7 நிமிடம். மாயமந்திரமோ வில்லனோ கிடையாது. வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் குழந்தைகள் கற்பனையாக விளையாடுவதுதான் கதை.

எனக்கு இந்தத் தொடர் மிகவும் பிடிக்கும். அக்கா தங்கை சண்டையை ஒளித்துவைக்காமல் காட்டுகிறது என்பதே முதல் காரணம். முதல் அத்தியாயமே சண்டைதான். ஒரு சைலோஃபோனைத் தட்டினால் அப்பா சிலை மாதிரி உறைந்துபோக வேண்டும். அதை யார் தட்டுவது என்று இரண்டு குட்டிகளும் மல்லுக்கு நிற்கும். முறை வைத்து விளையாடுவது என்ற இடத்துக்குக் கதை கடைசியில்தான் வந்து சேரும். 'ஹோட்டல்' என்ற அத்தியாயத்தை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ப்ளூயியே முடிவு செய்துகொண்டிருப்பாள். பிங்கோவுக்கு வெறுத்துப்போய்விடும். உங்கள் வீட்டு 'நான் சொல்றதைத்தான் நீ செய்யணும்' இதேதான், இல்லையா?

இப்போது ஒரு ஐந்தரை வயதுக் குழந்தையின் கண்ணால் அந்த 7 நிமிடத்தைப் பாருங்கள். அக்கா அதிகாரம் செய்வதும் அப்பா கீழே விழுவதும் துரத்தலும் சிரிப்பும்தான் கதையின் பெரும்பகுதி. அசைவு, நிறம், சத்தம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மனம் மாறும் இடமோ அமைதியாக வரும். பிங்கோவின் முகம் வாடும், இசை இறங்கும், அம்மா தணிந்த குரலில் இரண்டு வரி சொல்வாள், அவ்வளவுதான். பெரியவர்களுக்குத் தொண்டை அடைக்கிற இடம் அது. குழந்தைக்கு அது கதையின் வேகம் குறைந்துபோன இடம். உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடர் ஆங்கிலத்தில், அதுவும் ஆஸ்திரேலிய உச்சரிப்பில் ஓடுகிறது. துரத்தலும் தள்ளலும் மொழி தெரியாமலே புரியும். 'உன் தங்கைக்கும் முடிவு செய்ய ஆசை இருக்கும்' என்பது போன்ற வரிகள் மொழி வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

இது என் ஊகம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2006இல் ஜேமி ஆஸ்ட்ரோவ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. வன்முறைக் காட்சிகளைப் பார்த்தவர்களிடம் முரட்டுத்தனம் இருந்தது, அதில் வியப்பில்லை. ஆனால் கல்வி நோக்கமுள்ள நல்ல நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம் வேறு ஒன்று கூடியிருந்தது. 'உன்னைச் சேர்த்துக்க மாட்டேன்', 'நீ என் ஃப்ரெண்டு இல்ல' என்று உறவைக் காட்டி மிரட்டும் குணம். அதற்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இது: இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் பிணக்கு நீண்ட நேரம் ஓடுகிறது, சமாதானம் கடைசியில் சட்டென்று வந்துவிடுகிறது, இரண்டையும் கோத்துப் பார்க்க அந்த வயதுக் குழந்தையால் முடிவதில்லை. 'நீ என் தம்பியே இல்ல, போ' என்று உங்கள் மகள் சொன்னதைப் படித்ததும் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு முழுக்காரணம் தொடர்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து வயதில் குழந்தைகளுக்கு வார்த்தையால் காயப்படுத்த முடியும் என்பது தெரியத் தொடங்குகிறது. டிவியே இல்லாத வீட்டிலும் அக்காக்கள் இதைச் சொல்கிறார்கள்.

விலங்குகளை வைத்துச் சொல்லும் கதைகளில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. 2008இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேரி-லூயிஸ் மேர்ஸ், பாலர் வகுப்புக் குழந்தைகளுக்குக் 'கிளிஃபோர்ட்' என்ற சிவப்பு நாய்த் தொடரின் ஓர் அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினார். மூன்று கால் மட்டுமே உள்ள ஒரு நாய் வருகிறது, மற்ற நாய்கள் முதலில் அதைக் கண்டு ஒதுங்குகின்றன, பிறகு சேர்த்துக்கொள்கின்றன. மாற்றுத்திறன் உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பது கதை சொல்ல வந்த பாடம். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலான குழந்தைகள் சொன்னதன் சாரம், மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதுதான். பாடம் நாயோடு நின்றுவிட்டது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கேனியாவின் குழு, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய கதைப்புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டியது. ஒரே கதை. சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடு, சிலருக்கு உடை அணிந்த விலங்குகளோடு. மனிதர்கள் வந்த புத்தகத்தைக் கேட்டவர்கள்தான் அதன் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களை மற்றவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். விலங்குப் புத்தகம் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆனால் விலங்குப் புத்தகத்தைக் கேட்டவர்களிலும், விலங்குகளை மனிதர்களைப் போலவே நினைத்துக்கொண்ட குழந்தைகள் அதிகம் பகிர்ந்தார்கள்.

இந்தக் கடைசி வரி நம்பிக்கை தருகிறது. ப்ளூயியும் நானும் ஒன்றுதான், பிங்கோவுக்கு வலித்தது போலத்தான் தம்பிக்கும் வலிக்கும் என்ற பாலத்தைக் குழந்தை கட்டிவிட்டால் கதை வேலை செய்யும். அதைக் கட்டக் கூட இருப்பவர்கள்தான் கைகொடுக்க வேண்டும். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டேனியல் டைகர் என்ற புலிக்குட்டித் தொடரை வைத்து 2016இல் எரிக் ராஸ்முசன் குழு வெளியிட்ட ஆய்வு அது. (அந்தப் புலிக்குட்டிக்கும் ஒரு குட்டித் தங்கை உண்டு.) இரண்டு வாரம் அந்தத் தொடரைப் பார்த்த குழந்தைகளில், பார்த்ததைப் பற்றி வீட்டில் பெற்றோர் அடிக்கடி பேசிய குழந்தைகளிடம்தான் அடுத்தவர் உணர்வைப் புரிந்துகொள்ளும் தன்மை கூடியிருந்தது. நீங்கள் சமையலறையில் இருந்த ஒன்றரை மணி நேரத்தை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த நேரம் உங்களுக்குத் தேவை. ஆனால் அதில் குழந்தைகள் கதையை ரசித்திருப்பார்களே தவிர, பாடம் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் மாமியாரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. நேரம் அதிகமாகத்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. உங்கள் மகன் அந்த வயதில்தான் இருக்கிறான். பரணுக்குப் பதிலாக அவரிடம் வேறு ஓர் உதவி கேளுங்கள். அத்தியாயம் முடிந்து டிவியை அணைத்ததும் உங்கள் மகள் பாட்டியிடம் போய் அந்தக் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். பாட்டி தொடரைப் பார்த்திருக்கவே கூடாது. அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே கேட்கத் தோன்றும், இவளுக்கும் முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

இதை நான் பல குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். குழந்தை என்ன புரிந்துகொண்டது என்பதை அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. 'அப்பா விழுந்துட்டாரு பாட்டி, ப்ளூயி அவரை மிதிச்சா, அவ்ளோதான்' என்று கதையை முடித்தால், சமாதானம் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அங்கே பாட்டி 'அப்புறம்?' என்று கேட்க வேண்டும். 'அந்தச் சின்னக்குட்டி என்ன பண்ணுச்சு?' என்று கேட்க வேண்டும். குழந்தை கொஞ்சம் யோசிக்கும். 'அது அழுதுச்சு' என்னும். 'அய்யோ, அப்புறம்?' இப்படி நாலு தடவை கேட்டால் கடைசி இரண்டு நிமிடம் அவள் வாயாலேயே வெளியே வந்துவிடும். நீங்கள் பாடமாகச் சொல்வதைவிட அவளே சொல்லிக் கேட்பது ஆழமாகத் தங்கும். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்வதால் புரியாமல் போன இடங்களும் தெரிந்துவிடும். அவற்றை நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

அடுத்தது, கூட உட்கார்ந்து பார்ப்பது. தினமும் முடியாது, தெரியும். வாரத்தில் நான்கு நாள், ஒரே ஒரு அத்தியாயம், 7 நிமிடம். அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஒரு கதை முடிந்த நொடியில் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டால் முந்தைய கதையின் முடிவு அடித்துக்கொண்டு போய்விடும். நடுவில் ஒரே இடத்தில் மட்டும் நிறுத்துங்கள், பிங்கோவின் முகம் மாறும் இடத்தில். 'இவளுக்கு இப்போ எப்படி இருக்கும்?' இது போதும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, ஓடவிடுங்கள். அடிக்கடி நிறுத்திக் கேள்வி கேட்டால் குழந்தைக்கு அது பரீட்சையாகிவிடும். அப்புறம் உங்களோடு பார்க்கவே வராது.

கதை முடிந்ததும் உங்கள் வீட்டோடு ஒரு முடிச்சுப் போடுங்கள். 'அன்னைக்கு நீங்க கடை விளையாட்டு விளையாடினப்போ தம்பி பாதியிலேயே எழுந்து போனான்ல, அவனுக்கும் பிங்கோ மாதிரிதான் இருந்திருக்குமோ?' என்று நீங்களே யோசிப்பது போலக் கேளுங்கள். ஒரு வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்: 'பாரு, ப்ளூயி எவ்வளவு நல்ல பிள்ளை, நீ மட்டும் ஏன் இப்படி இருக்கே?' அந்த நொடியிலிருந்து ப்ளூயி அவளுக்குத் தோழியாக இருக்காது, இன்னொரு போட்டியாளாகிவிடும். ஏற்கெனவே அவளுக்கு வீட்டில் ஒரு போட்டி இருக்கிறது.

ஆமாம், தம்பியைத்தான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். சண்டை வரும்போது 'நீதானே பெரியவ, விட்டுக்கொடு' என்று வீட்டில் யாராவது சொல்கிறீர்களா? அநேகமாகச் சொல்வீர்கள். ஐந்தரை வயதுக் குழந்தைக்குக் காலையிலிருந்து இரவு வரை விட்டுக்கொடுக்கும் வேலைதான் என்றால், அதிகாரம் கையில் இருக்கும் ஒரே இடமான விளையாட்டில் அவள் ராணியாக இருக்கத்தான் பார்ப்பாள். அவள் ப்ளூயியைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அங்கே ஓர் அக்கா எல்லாவற்றையும் முடிவு செய்கிறாள், யாரும் அவளை 'பெரியவ, விட்டுக்கொடு' என்று சொல்லிக்கொண்டே இருப்பதில்லை. விட்டுக்கொடுப்பதை வயதோடு கட்டாமல் முறையோடு கட்டுங்கள். ஒரு ஆட்டம் அவள் சொல்வது, அடுத்த ஆட்டம் அவன் சொல்வது. சின்னவன் சொல்லும் ஆட்டம் 'குதிக்கலாம்' என்பதாகத்தான் இருக்கும். இருக்கட்டும், அக்காவும் குதிக்கட்டும். அவள் சொல்லும் ஆட்டத்தில் மூன்று வயதுக்காரனுக்கு ஏற்ற வேலை என்ன என்பதை அவளிடமே கேளுங்கள். கதவைத் தட்டுவது, பொம்மையைத் தூக்கிவருவது, தொப்பென்று விழுவது இவையெல்லாம் அவனால் முடியும். வரிசையாக நான்கு வசனம் பேசுவது முடியாது. அவன் தப்பாகச் செய்கிறான் என்று அவளுக்கு வரும் கோபத்தில் பாதி, அவனால் முடியாததை அவள் எதிர்பார்ப்பதால் வருவது.

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. கதவடியில் உட்கார்ந்து அழுதான் என்ற ஒரு வரி மட்டும்தான். அவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'யோகா பால்' என்ற அத்தியாயத்தைத் தேடி எடுத்து இரண்டு பேரோடும் உட்கார்ந்து பாருங்கள். அப்பா பேண்டிட் பெரிய பந்தை வைத்துக் குட்டிகளோடு முரட்டுத்தனமாக விளையாடுவார். அக்காவுக்கு அது பிடிக்கும், சின்னவள் பிங்கோவுக்கு வலிக்கும். ஆனால் அவள் சொல்ல மாட்டாள். அம்மா அவளுக்குச் சொல்லித்தருவது, அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி பலமாகக் குரைக்க வேண்டும் என்று. பிங்கோ அப்படியே குரைப்பாள். அப்பாவுக்கு அப்போதுதான் உறைக்கும். இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயங்களில் இது ஒன்று. ஏனென்றால் இங்கே தப்புச் செய்தது பெரியவர், திருத்தியது வீட்டிலேயே சின்னவள்.

உங்கள் மகனுக்கும் ஒரு குரைப்பைச் சொல்லிக்கொடுங்கள். கையை முன்னால் நீட்டி, 'அக்கா, வேண்டாம்!' இரண்டே வார்த்தை. பத்து தடவை விளையாட்டாகவே பழகிப் பார்க்கட்டும். பிறகு வீட்டுக்கு ஒரு விதி வையுங்கள்: அந்தக் குரல் வந்தால் ஆட்டம் நிற்கும். அக்கா தம்பி ஆட்டம் மட்டும் இல்லை, அப்பாவின் கிச்சுகிச்சு, பாட்டியின் கன்னக் கிள்ளல் எல்லாம் நிற்கும். அக்கா 'வேண்டாம்' என்று சொன்னாலும் இதே விதிதான். பெரியவர்கள் மதிக்காத விதியைக் குழந்தைகள் மதிக்க மாட்டார்கள்.

தள்ளிவிட்டால்? அப்போது ப்ளூயியைப் பற்றிப் பேசாதீர்கள். முதலில் அடிபட்டவனைத் தூக்குங்கள். மகளிடம் ஒரே வரி, 'தள்ளக் கூடாது, ஆட்டம் முடிஞ்சது.' கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் தள்ளி உட்கார வையுங்கள். அந்தச் சூட்டில் 'ஸாரி சொல்லு' என்று கட்டாயப்படுத்துவதால் பயன் குறைவு. தணிந்த பிறகு 'அவன் சரியாக நீ என்ன பண்ணலாம்?' என்று கேளுங்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், அல்லது அவன் பொம்மையைத் தேடித் தருவாள். உள்ளிருந்து வரும் மன்னிப்பு இந்த வயதில் அப்படித்தான் இருக்கும். கதவுக்கு வெளியே நிறுத்தியதற்கும் 'நீ என் தம்பியே இல்ல' என்றதற்கும் இதே வழிதான். 'உனக்கு அவன்மேல கோபம். கோபம்னு சொல்லலாம். தம்பி இல்லன்னு சொன்னா அவன் பயந்துடுவான்' என்று சொல்லி, அந்த வாக்கியத்துக்குப் பதிலாக வேறு வாக்கியத்தைக் கையில் கொடுங்கள்: 'எனக்கு இப்போ தனியா விளையாடணும்.' தனியாக விளையாட ஆசைப்படும் உரிமை அவளுக்கு உண்டு. அந்த நேரத்தில் சின்னவனை நீங்களோ பாட்டியோ வேறு பக்கம் அழைத்துப்போகத்தான் வேண்டும்.

இனி உங்கள் கணவருக்கு. அவர் எரிச்சல்படுவது எனக்குப் புரிகிறது. அவருடைய கேள்விக்கு நேரான பதிலும் இருக்கிறது. பேண்டிட்டுக்கு வேலை உண்டு, அவர் தொல்லியல் ஆய்வாளர். ஆனால் நாம் பார்ப்பது அவருடைய நாளில் தேர்ந்தெடுத்த 7 நிமிடத்தை. அந்த 7 நிமிடத்தை எழுதி, வரைந்து, இசை சேர்க்க ஒரு பெரிய குழு உழைக்கிறது. நாள் முழுதும் உழைத்துவிட்டு வரும் ஒரு மனிதர் தன்னை அதோடு ஒப்பிட்டுத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதில்லை. நானும் அப்படி ஒப்பிடச் சொல்லமாட்டேன். அவரிடமிருந்து நான் கேட்பது பத்து நிமிடம். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, தேவையென்றால் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, பிறகு பத்து நிமிடம். ஃபோன் வேறு அறையில் இருக்க வேண்டும். என்ன விளையாட்டு என்பதைக் குழந்தைகள் சொல்லட்டும், ஒருநாள் அவள், ஒருநாள் அவன். களைப்பாக இருந்தால் படுத்துக்கொண்டே விளையாடலாம். அவர் நோயாளி, அவர்கள் டாக்டர். அவர் மலை, அவர்கள் ஏற வேண்டும். 'இன்னும் இரண்டு நிமிடம்தான்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு முடித்துக்கொள்ள வேண்டும். தினமும் நிச்சயமாகக் கிடைக்கும் பத்து நிமிடம், என்றோ ஒருநாள் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தைவிடக் குழந்தையின் அடத்தைக் குறைக்கும். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாதபோதுதான் குழந்தை அழுது பார்க்கிறது.

உங்களுக்கும் ஒன்று. 'ஷீப்டாக்' என்ற அத்தியாயத்தில் அம்மா சில்லி, யாரும் பக்கத்தில் வராத 20 நிமிடம் தனக்கு வேண்டும் என்பாள். அம்மாவுக்கு என்ன ஆச்சு, நான் ஏதாவது செய்துவிட்டேனா என்று ப்ளூயிக்குக் கவலை வந்துவிடும். அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்கும் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு கனிவாகக் காட்டிய குழந்தைத் தொடரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதைப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு, மறுநாள் நீங்களும் தயங்காமல் உங்கள் 20 நிமிடத்தைக் கேளுங்கள்.

'நல்ல தொடர்' என்ற பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயர் இருப்பதாலேயே பெற்றோர் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். ப்ளூயியின் 'எக்சர்சைஸ்' என்ற அத்தியாயத்தில் அப்பாவும் அம்மாவும் எடை மெஷினில் ஏறி நின்று தங்கள் உடம்பைப் பார்த்து நொந்துகொள்வது போல ஒரு காட்சி இருந்தது. குழந்தைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றித் தவறான எண்ணம் வரும் என்று விமர்சனம் எழுந்தது. 2023இல் அந்தக் காட்சியைத் திருத்தி வெளியிட்டார்கள். திருத்திக்கொண்டது தயாரிப்பாளர்களுக்குப் பெருமைதான். ஆனால் எவ்வளவு அக்கறையோடு எடுத்த தொடரிலும் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராத காட்சி இருக்கலாம். அது எது என்று கூடப் பார்த்தால்தான் தெரியும்.

பெப்பா பிக்குக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்காக மாற்ற வேண்டாம். 2004இல் தொடங்கிய பிரிட்டன் தொடர் அது. அத்தியாயம் 5 நிமிடம், வாக்கியங்கள் எளியவை, அதனால் உங்கள் மகனுக்குப் புரிவது சுலபம். ஆனால் பெப்பாவும் தம்பி ஜார்ஜை அதட்டுவாள், அப்பாவைக் கேலி செய்வாள். அங்கே பிணக்கு பெரும்பாலும் எல்லோரும் மல்லாந்து விழுந்து சிரிப்பதோடு முடிந்துவிடும். சமாதானம் எப்படி வந்தது என்பதைக் காட்டுவதில் ப்ளூயி பல படி மேல். எந்தத் தொடருக்கு மாறினாலும் பாட்டியின் 'அப்புறம்?' தேவைப்படும்.

இதையெல்லாம் ஆறு வாரம் செய்து பாருங்கள். சண்டை நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த வயதில் அக்கா தம்பி ஒரு நாளில் பலமுறை மோதுவது இயல்பு. மோதியபின் அவர்களாகவே மறுபடி சேர்ந்து விளையாடத் தொடங்க ஆகும் நேரம் குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அது குறைந்தால் சரியான திசையில் போகிறீர்கள். ஆனால் தம்பிக்குக் காயம் ஏற்படும் அளவுக்கு அடிப்பது, பள்ளியிலும் மற்ற குழந்தைகளிடம் அதே மாதிரி நடந்துகொள்வது, சின்னவன் அக்காவோடு தனியாக இருக்கவே பயப்படுவது, அல்லது மகளின் தூக்கமும் சாப்பாடும் திடீரென்று மாறுவது, இவற்றில் எது தெரிந்தாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள குழந்தை நல மருத்துவரையோ குழந்தைகள் மனநல ஆலோசகரையோ நேரில் பாருங்கள். போகும்போது மகளை மட்டும் அழைத்துப்போகாதீர்கள், இரண்டு பேரையும் அழைத்துப்போங்கள். முடிந்தால் கணவரும் வரட்டும்.